வாசலுக்கு ஒரு டாக்வுட்

ஸ்டில்வெல் கேப், டென்னசி
மே 29

அன்பு மகள் ரொவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை யூவனும், உன் வைத்தியத்தை நம்பியிருக்கிற அத்தனை ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கேட்டுக்கொள்கிறேன், ஆடுகளையும் சேர்த்தேதான் கேட்கிறேன், போதகருக்குத் தெரிய வேண்டாம். நீ அனுப்பிய படம் வந்தது. அந்த மழைக்கோட்டுக்குள் நீ எங்கே இருக்கிறாய் என்று கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு இளைத்திருக்கிறாய். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, பூமியின் அடிப்பக்கத்தில் இருக்கிற உங்கள் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீ கிளம்பும்போது கொடுத்த கம்பளிக் காலுறையைப் போடு, அது பெட்டிக்குள் இருந்து ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் உங்கப்பா பின்னால் நின்றுகொண்டு "புதன் இல்ல, செவ்வாய்" என்று திருத்துகிறார், சொல்ல வந்ததே எனக்கு மறந்துபோகிறது. அதோடு இந்தக் கடிதத்தில் ஒரு விஷயம் அவர் காதில் விழவே கூடாதது.

அக்டோபரில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபோது நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, நீ தூக்கம் கெட்டு ஆட்டுக்குத் தப்பாக ஊசி போடுவாய், அவ்வளவுதான். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். உங்கப்பாவும் நடந்தார், கட்டிலிலிருந்து முன் ஜன்னல் நாற்காலி வரைக்கும். பதினோரு அடி, நான் அளந்தேன். அதில் போய் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருப்பதில்லை. காலை ஏழேகாலுக்குப் பள்ளிக்கூட பஸ் போகும்போது மட்டும் கொஞ்சம் உயிர் வரும், "பாரு, மூலைல வந்து பிரேக் போடறான், முன்னாடியே போட்டிருக்கணும்" என்பார், முப்பத்து நாலு வருஷம் அதே வளைவில் பஸ் ஓட்டியவருக்குப் பொறுக்கவில்லை. பஸ் போனதும் திரும்பவும் அணைந்துவிடுவார். வாசலில் நின்ற நம் பழைய டாக்வுட் பூமரத்தை நீ பார்க்கும்போதே அது பாதி செத்திருந்தது, இலையெல்லாம் புள்ளி விழுந்து, கீழ்க்கிளையிலிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்து மேலே ஏறியது. நவம்பரில் செடி நர்சரி வைத்திருக்கிற டில்லார்ட் வந்து அறுத்துப் போட்டுவிட்டார். மரம் போனதும் ஜன்னலுக்கு நேராக என்ன தெரிந்தது தெரியுமா, எதிர்வீட்டு யூடோரா அத்தை வாசல்படியில் வைத்திருக்கிற சிமெண்ட் வாத்து. அதற்கு அத்தை பண்டிகைக்குப் பண்டிகை சட்டை தைத்துப் போடுவாள் இல்லையா, கிறிஸ்துமஸுக்குச் சிவப்புக் குல்லா, மழைக்கு மஞ்சள் கோட்டு. பிப்ரவரி மாதம் ஒரு நாள் காலையில் உங்கப்பா கண் விழித்ததும் படுத்தபடியே என்னைக் கேட்டார், "வாத்துக்கு இன்னிக்கு என்ன சட்டை?" என்று. சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் சமையலறைக்குள் போன பிறகு அடுப்பைப் பற்றவைக்காமலே நின்று யோசித்தேன். மனுஷன் இனிமேல் எழுந்திருப்பதே ஒரு வாத்துக்காகத்தானா என்று. அன்றைக்கே முடிவு செய்தேன், அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு மரம் வேண்டும்.

அவரிடம் சொன்னேன். "எதுக்கு மரம், புல்லு போதும்" என்று தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். சரி என்று நானே டில்லார்டின் நர்சரிக்குப் போனேன். கடையில் போய் ஒரு டாக்வுட் கொடுங்கள் என்றால் கொடுப்பார்கள் என்று நினைத்தேன், அவர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல் கேட்க ஆரம்பித்தார். எந்த டாக்வுட், மரமா, புதரா. ஏப்ரலில் பூக்கிற நம்ம ஊர் வெள்ளையா, ஒரு மாதம் தள்ளிப் பூக்கிற ஆசியாவிலிருந்து வந்த கூசா வகையா, பூவே வேண்டாம், குளிர்காலத்தில் குச்சி குச்சியாகச் சிவந்து நின்றால் போதும் என்றால் அதற்கு வேறே ஒன்று. மண் களியா, தண்ணீர் நிற்குமா, வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகும். "முப்பது வருஷமா அந்த வீட்ல இருக்கீங்க நடீன், வெயில் எப்ப வருதுன்னு பாத்ததில்லையா?" என்றார். "வெயில் வந்தா துணி காயப்போடுவேன், மணியா பாப்பாங்க?" என்றேன். நம்ம ஊர் வெள்ளைக்குக் காலை வெயிலும் மத்தியானத்துக்கு மேல் நிழலும் வேண்டுமாம், நாளெல்லாம் வெயில் காய்ந்தால் இலை ஓரம் கருகுமாம், கூசா கொஞ்சம் வெயில் தாங்குமாம். போய் ஒரு வாரம் கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் மரம் தருகிறேன் என்று என்னை வெறுங்கையாக அனுப்பிவிட்டார். பணம் கொடுக்கிறேன் என்கிறவளைத் திருப்பி அனுப்புகிற வியாபாரியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து, நீங்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்த அறுத்த அடிமரத்தின் மேல் வெயில் எப்போது விழுகிறது, எப்போது போகிறது என்று குறித்து வையுங்கள் என்று ஒரு பழைய நோட்டையும் பென்சிலையும் அவர் மடியில் போட்டேன். "நான் என்ன உனக்குக் கணக்கப்பிள்ளையா" என்றார். ஆனால் பஸ் ஓட்டின புத்தி போகுமா, நிமிஷ சுத்தமாக எழுதியிருக்கிறார், அதுவும் நான் கேட்ட ஏழு நாளுக்குப் பதில் ஒன்பது நாள். அந்த நோட்டை டில்லார்ட் வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். "8.12, வெயில் அடிமரத்தில். 8.20, யூடோரா வாத்துக்குச் சட்டை மாற்றினாள், பச்சை, பொருந்தவில்லை. 10.05, மேகம், இது என் தப்பில்லை. 1.35, வீட்டு நிழல் வந்துவிட்டது, வெயில் காலி. 1.40, நடீன் சூப்பில் உப்பு இல்லை." இதையெல்லாம் நான் ஊர் சிரிக்கக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் டில்லார்ட் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹார்லன் நல்லாத்தான் இருக்கார், பயப்படாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று அவருக்கே தெரியாது.

காலை வெயில், மத்தியானம் நிழல், அப்படியென்றால் நம்ம ஊர் வெள்ளையே பொருந்தும், நோய் எளிதில் பிடிக்காத வகை ஒன்று இருக்கிறது, பழைய அடிமரத்தை விட்டு ஆறடி தள்ளி வையுங்கள் என்றார். எனக்கு மனசுக்குள் ஒரு பயம், பழைய மரம் நோயில் போனதே, இதுவும் போய்விட்டால் அந்த மனுஷன் அதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று. அதனால் கூசாவே வாங்கிவிடலாமா என்று அன்று சாப்பிடும்போது சும்மா சொல்லிப் பார்த்தேன், அதற்கு நோய் குறைவு, யூடோரா அத்தை வீட்டுப் பக்கவாட்டில் நிற்கிறதே, பதினைந்து வருஷமாக ஒரு இலைகூடப் புள்ளி விழவில்லை. உங்கப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "யூடோரா வீட்டு மரத்தோட தங்கச்சியக் கொண்டுவந்து நம்ம வாசல்ல நிறுத்தப் போறியா? அப்பறம் அந்தம்மா தினம் வந்து இது எங்க ஜாடைன்னு சொல்லும்!" என்றார். ரொவீனா, அக்டோபருக்குப் பிறகு உங்கப்பா ஒரு விஷயத்தில் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. நான் தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் குடித்தேன், சிரிப்பை அடக்க. மறுநாளே போய் வெள்ளை ஒன்றும், கூரைத் தண்ணீர் குழாய் இறங்கிச் சொதசொதவென்று கிடக்கிற மூலைக்குச் சிவப்புக் குச்சிப் புதர் மூன்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தப் புதர்களுக்கு ஈரம்தான் பிடிக்குமாம், அந்த மூலையில் நான் வைத்த எத்தனை செடி அழுகியது, உனக்குத் தெரியாததா.

மார்ச் மூன்றாவது சனிக்கிழமை டில்லார்ட் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார், நடுவதற்கு இருக்க முடியாது, அவர் மச்சான் வீட்டில் கல்யாணம். நாங்களே நட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் என்றால் நானும் யூடோரா அத்தையும், எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு எழுபத்து நாலு, ஆளுக்கொரு மண்வெட்டி. ஆழமாகத் தோண்டினால்தானே காற்றுக்கு அசையாமல் நிற்கும் என்று நான் நினைத்தேன், அத்தையும் ஆமாம் என்றாள், அதனால் வேலிக்குக் கம்பம் நடுகிற மாதிரி முழங்கால் ஆழத்துக்குமேல் வெட்டி, மரத்தை உள்ளே இறக்கி, மண்ணைத் தள்ளி நன்றாக மிதித்தும் விட்டோம். ஜன்னலில் உங்கப்பா கண்ணாடியைத் தட்டினார். நான் கையை ஆட்டினேன். திரும்பவும் தட்டினார். அத்தை, "பாவம் ஹார்லன், நம்மள உற்சாகப்படுத்தறான்" என்று அவளும் கையை ஆட்டினாள், முத்தம்கூட ஒன்று பறக்கவிட்டாள். தட்டுவது பலமானது. பிறகு நின்றுவிட்டது. சரி, களைத்துவிட்டார் என்று நான் மிதிப்பதைத் தொடர்ந்தேன், கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உங்கப்பா. இரவு உடுப்பு, அதன்மேல் என்னுடைய நீலக் கோட்டு, வீட்டுச் செருப்பு. ஐந்து படி, டாக்டர் வீட்டுக்குப் போவதைத் தவிர ஐந்து மாதமாக இறங்காத படி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி வந்து, எங்கள் முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் மரம் நடறீங்களா, பொணம் பொதைக்கிறீங்களா?"

அந்த வார்த்தையை நான் அக்டோபரிலிருந்து மனசில்கூட நினைக்காமல் வைத்திருந்தேன். அத்தை மண்வெட்டியைக் கீழே போட்டாள். உங்கப்பாவுக்கே அவர் சொன்னது உறைத்து, முதலில் அவர்தான் சிரித்தார், பிறகு அத்தை, பிறகு நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அதை வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். மரத்தை வெளியே எடுக்கச் சொன்னார், எடுத்தோம். குழியைப் பாதி மூடச் சொன்னார், மூடினோம். ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும், வேர் பக்கவாட்டில் ஓடுகிற ஜாதி இது என்று மூன்று மடங்கு அகலம் வெட்டவைத்தார், என் முதுகு இன்னும் நேராகவில்லை. குனிந்து அடித்தண்டைச் சுற்றி விரலால் மண்ணைத் தள்ளி, "இங்க பாரு, தண்டு விரிஞ்சு வேராகிற எடம். இதுக்குக் காத்து படணும். இத மூடினா மூக்கை மூடின மாதிரி" என்றார். இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். பழைய மரம் ஏன் செத்தது என்று குளிர்காலம் முழுக்க யோசித்தாராம், நான் நூலகத்திலிருந்து எடுத்துவந்து திறக்காமலே வைத்திருந்த புத்தகத்தை அவர் இரண்டு தடவை படித்துவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். மண் போடும்போது மரத்தை நேராகப் பிடித்துக்கொண்டது அவர்தான். நடுவில் ஒரு தடவை முகம் வெளிறி மூச்சு வாங்கினார், நான் போனை எடுக்க ஓடினேன், "நில்லு, நில்லு, கெழவன் வெளிய வந்து நாளாச்சு, அவ்வளவுதான்" என்று கையைக் காட்டி நிறுத்தினார். கால் மணி நேரம் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு நிறம் வந்தது. பிறகு அத்தை மண்ணை மிதிக்கிற விதத்தில் குற்றம் கண்டுபிடித்தார்.

இனி நான் சொல்ல வந்த ரகசியம். இந்த ஊரே இப்போது என்னைக் கெட்டிக்காரி என்கிறது. நடீன் வேண்டுமென்றே தப்பாக நட்டாள், அவருக்குத் தாங்காமல் எழுந்து வரட்டும் என்று செய்த தந்திரம் என்று யூடோரா அத்தை தேவாலயத்தில் நான்கு பேரிடம் சொல்ல, அது நாற்பது பேருக்குப் போய், டாக்டர்வரை எட்டிவிட்டது. போன தடவை டாக்டர் என் கையைப் பிடித்து, நாங்கள் ஐந்து மாதமாகச் செய்ய முடியாததை நீங்கள் ஒரு மண்வெட்டியால் செய்துவிட்டீர்கள் என்றார். உங்கப்பாவும் அதை நம்புகிறார், "என்னையே ஏமாத்திட்டியே" என்று என்னைப் பெருமையாகப் பார்க்கிறார், நாற்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. உண்மை என்னவென்றால் கண்ணே, சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. மரத்தை ஆழமாகத்தான் நட வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். அவர் வராமல் இருந்திருந்தால் அந்த மரம் இந்நேரம் செத்திருக்கும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இப்போது சொன்னால் டாக்டரிலிருந்து எல்லோரும் கொடுத்த பாராட்டைத் திருப்பிக் கேட்பார்கள். நீ யூவனிடமும் சொல்லாதே, அவன் நல்ல பிள்ளை, ஆனால் வாய் நிற்காது.

எழுந்தவர் சும்மா இருக்கிறாரா என்றால் அதுதான் இல்லை. ஏப்ரலிலிருந்து காலையும் மாலையும் நடக்கிறார், முதலில் தெருமுனைவரை, இப்போது ஆறு தெரு. நடப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஊரில் பாதிப் பேர் மரத்தடியில் மரப்பட்டைத் தூளை எரிமலை மாதிரி குவித்துத் தண்டோடு ஒட்டவைத்திருக்கிறார்கள், அது தண்டை அழுகவைக்குமாம். இவர் போகிற வழியில் எந்த வீடு, யார் வீடு என்று பார்ப்பதில்லை, முழங்காலில் உட்கார்ந்து கையால் தள்ளிவிடுகிறார். போன வாரம் மேட்டுத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள், யாரோ ஒரு ஆள் என் வாசலில் குழி பறிக்கிறான் என்று போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தது யார் என்கிறாய், உன்னோடு பஸ்ஸில் வந்து ஜன்னல் வழியாக ரொட்டித் துண்டு எறிவானே, அந்த லெஸ்டர். இப்போது தொப்பையும் போலீஸ் பேட்ஜுமாக இருக்கிறான். அந்த அம்மாளைச் சமாதானம் செய்துவிட்டு உங்கப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினான். உங்கப்பா இறங்கும்போது, "வளைவுக்கு முன்னாடியே பிரேக் போடணும், எத்தனை வருஷம் பின்னாடி உக்காந்து பாத்தே?" என்று அவனைக் கேட்டார். "சரிங்க சார், இனிமே போடறேன்" என்று தொப்பியைக் கழற்றினான், பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, எங்க வீட்லயும் ரெண்டு மரம் இருக்கு, சாரை அனுப்புவீங்களா?" என்று கேட்டான். அந்தக் குடிவந்த அம்மாள் இரண்டு நாள் கழித்து ஒரு தட்டில் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அவருக்கு அரைத் துண்டுதான், மீதி நான் சாப்பிட்டேன், இதையும் சொல்லாதே.

புதிய மரம் முதல் வருஷமே பூத்தது, மொத்தம் ஆறு. ஆறுக்கே அவர் பண்ணின ஆர்ப்பாட்டம் சொல்லி முடியாது, அத்தை நாலு இதழ் எவ்வளவு அழகு என்று சொல்லப் போக, அது இதழே இல்லை, இலை, நடுவில் பொட்டு மாதிரி இருப்பதுதான் பூ என்று அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் அத்தை இரண்டு நாள் பேசவில்லை. புதர் மூன்றும் பிடித்துக்கொண்டன. போன ஞாயிறு மாலை அதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், இளங்குச்சிதான் நன்றாகச் சிவக்குமாம், பழங்குச்சி மங்கிவிடுமாம், என்னைப் பார்க்காமல் சொல்கிறார், "மூணு வருஷம் விட்டு பிப்ரவரில தரையோட வெட்டணும் நடீன். வெட்டறேன்னு நீ கெளம்பாத, நான் பண்றேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் நாளைக்கு என்ற வார்த்தையைச் சொல்லியே நான் கேட்டதில்லை. சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஆட்டுக்கு நேரத்துக்கு மருந்து கொடுக்கிறவள் நேரத்துக்குச் சாப்பிடவும் வேண்டும். யூவனின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றாயே, வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார், போன் பண்ணினால் போதும் என்று இருக்காதே. உன் பல் டாக்டர் சீட்டை நான் மறக்கவில்லை, நீதான் மறந்திருப்பாய், ஜூன் முடிவதற்குள் போய்விட்டு எனக்கு எழுது. கடவுள் உங்கள் இருவரையும் குளிரிலும் காற்றிலும் காப்பாற்றட்டும், உன் கைராசியும் உன் வீட்டுச் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

இன்னும் எழுதலாம், ஆனால் உங்கப்பா நடையிலிருந்து வந்துவிட்டார். பின்கதவு வழியாக, கழற்றாத பூட்ஸோடு, காலையில் நான் துடைத்த சமையலறைத் தரையில் கதவிலிருந்து அலமாரிவரைக்கும் சேற்றுத் தடம், எண்ணிப் பார்த்தேன், பதினாலு. எட்டு மாதமாக இந்த வீட்டில் ஒரு சேற்றுத் தடம் விழவில்லை ரொவீனா. நான் போய் அவரை நன்றாகத் திட்ட வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
நடீன் ஸ்டாலர்ட்